ரெப்போ ஏறினால் இஎம்ஐ மட்டும்தான் ஏறுமா?

2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக ஏறியது. வீட்டுக் கடன் இஎம்ஐ எகிறியது. எஸ்பிஐ சாதாரண சேமிப்புக் கணக்கு வட்டியோ 2.70 சதவீதத்திலேயே நின்றது. 2025-ல் ரெப்போ இறங்கியதும் அதுவும் 2.50 ஆனது. ஏறும்போது ஏறாது, இறங்கும்போது மட்டும் இறங்கும். இது என்ன நியாயம்?

வட்டியை யார் முடிவு செய்றாங்க?

2011 அக்டோபர் வரை சேமிப்புக் கணக்கு வட்டியை ரிசர்வ் வங்கிதான் நிர்ணயித்தது. அப்போது 4 சதவீதம். அக்டோபர் 25-ல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. போட்டி வந்தால் வட்டி கூடும் என்பது எதிர்பார்ப்பு. சில தனியார் வங்கிகள் கூட்டின. பெரிய வங்கிகள் அசையவில்லை. சம்பளம், யுபிஐ, இஎம்ஐ எல்லாமே ஒரே அக்கவுன்ட்டில் ஓடும்போது அரை சதவீதத்துக்காக யார் வங்கி மாறுவார்?

கடன் பக்கமும் இதே சிக்கல் இருந்தது. ரெப்போ குறைந்தாலும் அதன் பலன் வாடிக்கையாளருக்கு முழுசா போய்ச் சேரவில்லை. அதனால் 2019 அக்டோபர் முதல், புதிய வீட்டுக் கடன் போன்ற மாறும் வட்டிக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைப்பது கட்டாயமானது. சேமிப்பவருக்கு அப்படி ஒரு விதி இல்லை.

வாராக்கடனுக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

2018 மார்ச்சில் 11 சதவீதத்தைத் தாண்டிய மொத்த வாராக்கடன், 2025 மார்ச்சில் சுமார் 2.3 சதவீதம். நல்ல செய்திதான். ஆனால் எல்லாம் வசூலாகிக் குறைந்ததல்ல. 2014-15 முதல் பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் சுமார் 16.35 லட்சம் கோடி ரூபாயை ரைட்-ஆஃப் செய்ததாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ரைட்-ஆஃப் என்றால் தள்ளுபடி இல்லை. வசூல் முயற்சி தொடரும். ஆனாலும் அந்த நஷ்டத்துக்கான ஒதுக்கீடு வங்கியின் வருமானத்திலிருந்துதான் போகிறது. அதில் முக்கியப் பங்கு, வாங்கும் வட்டிக்கும் கொடுக்கும் வட்டிக்கும் உள்ள இடைவெளி. பெரிய கம்பெனி கட்டாத கடனின் சுமை, கொஞ்சம் கொஞ்சமாகச் சின்ன சேமிப்பாளர் தலையிலும் விடிகிறது.

என்ன செய்யலாம்?

பழைய கட்டுப்பாட்டுக்குத் திரும்ப வேண்டாம். சேமிப்பு வட்டியையும் ரெப்போவுடன் இணைத்து, கீழே ஒரு வரம்பு வைத்தால் போதும். இது நடக்காத காரியம் இல்லை. 2019 மே மாதம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருப்புக்கு எஸ்பிஐயே இதைச் செய்தது: ரெப்போவில் 2.75 கழித்தால் வருவது வட்டி. அது தொடர்ந்திருந்தால், ரெப்போ 6.5 ஆனபோது 3.75 சதவீதம் கிடைத்திருக்கும்.

அந்த விதி வரும்வரை, இரண்டு மூன்று மாதச் செலவுக்கான தொகையை மட்டும் சேமிப்புக் கணக்கில் விட்டு, மீதியை எஃப்டிக்கு மாற்றுவதே புத்திசாலித்தனம். வங்கி மாறத் தயங்கலாம். பணத்தைச் சும்மா தூங்க விடக் கூடாது.