மரத்தரையும் மங்கல விளக்கும்

வெள்ளிக்கிழமை தோறும் வீட்டைக் கழுவி, கோலமிட்டு, விளக்கேற்றுவது நம் இல்லங்களின் நெடுநாள் வழக்கம். சிமெண்டுத் தரையும் மொசைக்கும் எத்தனை வாளி நீரையும் தாங்கும். ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் பிள்ளைகளோடு சில மாதங்கள் தங்கச் செல்லும் பெரியோர் அங்கே பல வீடுகளில் காண்பது ஓக், மேப்பிள் முதலிய மரங்களாலான தரை. அதனைத் தூய்மை செய்யும் முறை வேறு.

மரம் பலகையான பின்னரும் ஈரத்தை ஏற்று விரியும், உலர்ந்தால் சுருங்கும். மேலே பூசிய வார்னிஷ் பலகையின் முகத்தைக் காக்குமேயன்றி இடுக்குகளைக் காக்காது. அவ்வழியே இறங்கும் நீர் அடிப்பக்கத்தை உப்பச் செய்யும். பலகையின் ஓரங்கள் உயர்ந்து நடுப்பகுதி குழியும். நீராவித் துடைப்பான் ஆகாது என்பதும் இதனாலேயே.

முதலில் ஒரு சோதனை. ஓர் ஓரத்தில் ஒரு துளி நீர் விட வேண்டும். அது முத்துப் போல் நின்றால் பூச்சு நலமாக இருக்கிறது. உள்ளிறங்கி அவ்விடம் கறுத்தால் பூச்சு தேய்ந்துவிட்டது. அங்கே உலர் துணியே போதும்.

அன்றாடம் மென்மையான துடைப்பத்தால் மணலையும் தூசியையும் அகற்றுதல் முதற்கடமை. காலில் அரைபடும் மணலே பூச்சைக் கீறுகிறது. வாரம் ஒருமுறை ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் மென்திரவம் சில துளிகள் கலந்து, துணியை ஒட்டப் பிழிந்து, மரத்தின் ரேகை செல்லும் திசையில் துடைக்க வேண்டும். பின்னர் வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியாலும், உடனே உலர் துணியாலும் துடைத்தல் நன்று. வினிகரும் எலுமிச்சைச் சாறும் அமிலமாதலால், நாளடைவில் பூச்சின் பளபளப்பைக் குன்றச் செய்யும்.

பூஜை செய்யுமிடத்தில் தனிக்கவனம் தேவை. விளக்கையும் கற்பூரத் தட்டையும் அகன்ற உலோகத் தாம்பாளத்தின் மேல் வைக்கலாம். ஈரமாவுக் கோலத்தைத் தரையில் இடாமல் ஒரு மணைப்பலகையில் இடலாம். சிந்திய குங்குமத்தையும் திருநீற்றையும் நனைக்காமல் உலர்ந்த நிலையிலேயே திரட்டி எடுக்க வேண்டும். நனைந்த குங்குமம் கறையாகிவிடும். எண்ணெய் சிந்தினால் தேய்க்காமல் காகிதத்தால் ஒற்றி எடுத்து, சோளமாவு தூவிச் சற்று நேரம் விட்டு அகற்றியபின், மேற்சொன்ன சோப்பு நீர்த் துணியால் துடைக்கலாம்.

இந்த எண்ணெயை முதியோர் அற்பமாகக் கருதலாகாது. மரத்தரையில் மெல்லிய எண்ணெய்ப் படலமும் காலை வழுக்கிவிடும். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் நடமாட்டமே முடங்கக்கூடும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுவதையும் இதே காரணத்தால் தவிர்க்க வேண்டும். குனிந்து துடைப்பதை விட நீண்ட கைப்பிடியுள்ள துடைப்பானே உகந்தது. டர்பென்டைன் போன்ற எளிதில் தீப்பற்றும் பொருள்களை விளக்கெரியும் அறையில் திறக்கவே கூடாது.

எல்லாவற்றினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. இரண்டு திரவங்களைக் கலந்தால் இரட்டிப்புத் தூய்மை கிடைக்கும் என்பது தவறான எண்ணம். ப்ளீச்சுடன் வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு எழும். அம்மோனியா சேர்ந்தால் குளோரமின் வாயு எழும். இரண்டுமே நுரையீரலைத் தாக்குபவை. கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா உண்டு என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். நெடி எழுந்தால் உடனே வெளியேறித் திறந்த வெளிக்குச் சென்றுவிட வேண்டும். மூச்சுத் திணறினால் தாமதமின்றி மருத்துவ உதவி நாட வேண்டும்.

நீரூற்றிக் கழுவாததால் பூஜைக்குரிய தூய்மை குறைந்துவிட்டதோ என்று எவரும் மனம் வருந்த வேண்டியதில்லை. அழுக்கு நீங்குவதே தூய்மை. மரத்தரைக்கு அதனை ஒட்டப் பிழிந்த ஒரு துணியே செய்துவிடும்.