பணத்தைப் பெற்றவர் பொறுப்பேற்க வேண்டாமா?

பாறசாலையை அடுத்த எல்லையோரச் சிற்றூரில் தையல் வேலை செய்து வாழும் ஒரு பெண்மணி, சென்ற மாதம் தம் கைபேசிக்கு வந்திருந்த ஆங்கிலச் செய்தியை மொழிபெயர்த்துச் சொல்லுமாறு என்னிடம் கேட்டார். தையல் இயந்திரத்திற்கென அவர் ஓர் இணைய அங்காடியில் 1,800 ரூபாய்க்கு வாங்கிய மோட்டார் ஓடவில்லை. திருப்பி அனுப்பினார், பணம் வந்து சேரவில்லை. விற்பனையாளரின் கணக்கு முடக்கப்பட்டுவிட்டது, தாங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் தளம் மட்டுமே என்று நிறுவனம் அச்செய்தியில் கைவிரித்திருந்தது. படித்துச் சொன்னேன். “பைசா வாங்கினது இவங்கதானே சார்?” என்றார் அவர். இவ்விவாதத்தின் சாரம் முழுவதும் அக்கேள்வியில் அடங்கியுள்ளது.

சட்டம் அவரை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எதிர்த்தரப்பினர் தொழில் நடத்தும் இடத்திலோ வழக்கிற்கான காரணம் எழுந்த இடத்திலோதான் முறையிட முடிந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கும் உரிமையை அளித்தது. விற்றவர் தில்லியில் இருந்தாலும், பாறசாலைக்காரர் திருவனந்தபுரம் மாவட்ட ஆணையத்தையும், எல்லைக்கு அப்பால் களியக்காவிளையில் வசிப்பவர் நாகர்கோவிலில் உள்ள ஆணையத்தையும் அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். அதற்கு முன்பே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் மலையாளத்திலும் புகார் அளிக்கலாம். மின்வணிக விதிகளின்படி, நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாருக்கு ஒப்புகை தந்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். வாங்கியவர் எழுதிக் கேட்டால் விற்பனையாளரின் முகவரியையும் தர வேண்டும்.

ஆனால், விற்றவர் மறைந்துவிட்டால் அந்த முகவரியால் என்ன பயன்? இங்குதான் ‘நாங்கள் வெறும் தளம்’ என்ற வாதம் பெருமூலதனத்தின் கேடயமாகிறது. விளம்பரம் செய்வது தளம். பணத்தைப் பெறுவது தளம். ஒவ்வொரு விற்பனையிலும் கட்டணம் எடுப்பதும் தளம். இழப்பு நேரும்போது மட்டும் அது ஒதுங்கிக்கொள்கிறது. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தர விதிகளை மீறிய 2,265 பிரஷர் குக்கர்களைத் தன் தளத்தில் விற்க இடமளித்ததற்காக அமேசான் நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. அவற்றைத் திரும்பப் பெற்று, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருமாறு ஆணையிட்டது. அவ்விற்பனையில் நிறுவனம் ஈட்டிய கட்டணம் 6 லட்சத்து 14 ஆயிரம் ரூபாய்க்கும் மேல். விதிக்கப்பட்ட அபராதமோ 1 லட்சம். அந்த ஆணையையும் எதிர்த்து நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்திற்குச் சென்றது.

இதற்கான தீர்வை ஒன்றிய அரசே ஒருமுறை எழுதி வைத்தது. விற்பனையாளர் கடமை தவறி நுகர்வோருக்கு இழப்பு நேர்ந்தால் தளமே பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி, 2021 ஜூனில் வெளியான வரைவுத் திருத்தத்தில் இடம்பெற்றிருந்தது. மின்வணிகப் பெருநிறுவனங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. வரைவு வரைவாகவே கிடக்கிறது.

1,800 ரூபாய்க்காக வேலையை விட்டுத் திருவனந்தபுரத்திற்கு அலைய எந்தத் தையல் தொழிலாளியால் இயலும்? மனம் சலித்து அவர் விட்டுவிடுவார் என்பதே நிறுவனங்களின் கணக்கு. இத்தகைய சிறு இழப்புகள் திரண்டே பெரும் இலாபமாகின்றன. எனவே, தளத்தைப் பொறுப்பாக்கும் விதியை உடனே நடைமுறைப்படுத்துமாறு ஒன்றிய அரசை வலியுறுத்த வேண்டும்.

அதுவரை நாம் கைகட்டியிருக்கவும் வேண்டியதில்லை. கேரளத்தில் ஊர்தோறும் நூலகங்கள் உள்ளன. பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசும் மக்களுக்கு, ஆங்கிலச் செய்தியைப் படித்துச் சொல்லவும் புகாரை எழுதித் தரவும் வாரம் ஒருநாள் மாலையில் நம் தோழர்கள் அங்கு அமரலாம். அந்தப் பெண்மணியின் புகாரை 1915இல் பதிவு செய்துவிட்டோம். பதில் வராவிட்டால் ஆணையத்திற்குச் செல்வதென முடிவு செய்துள்ளோம். தனியாக நின்றிருந்தால் அவர் விட்டுவிட்டிருப்பார். இப்போது விடுவதாக இல்லை.