கொள்ளை நோயும் தெருவாரின் கடமையும்

"வீட்டை விட்டு வெளியே வராதீர்கள்" என்று 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24-ந் தேதி இரவு தேச முழுமைக்கும் உத்தரவு பிறந்தது. கொரோனா என்னும் கொள்ளை நோய் மூச்சுக் காற்றின் வழியே பரவுவது. ஆதலால் அவ்வுத்தரவு அவசியமே என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கீழ்ப்படிவதற்கும் ஒரு முதல் வேண்டியிருந்தது. பானையில் அரிசியும், கையில் ரொக்கமும், நோயாளிக்கென ஒதுக்க ஓர் அறையும் உடையவனுக்கு வீடு கோட்டையாயிற்று. அன்றாடக் கூலியால் அடுப்பு மூட்டுகிறவனுக்கும், பிள்ளைகள் கடல் கடந்து வாழத் தனித்திருக்கும் முதியோருக்கும் அதே வீடு சிறையாயிற்று. அச்சிறையின் கதவை முதலில் தட்டக் கூடியவர் யார்? தெருவாரே என்பது நமது திடமான அபிப்பிராயம். அடுத்த நோய் வருமுன் அவர்களை ஒழுங்குபடுத்தி வைக்க வேண்டும் என்பதே நாம் இன்று வற்புறுத்த விரும்புவது.

திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் நடந்ததைச் சற்று நினைவு கூர்வோம். 2020-ல் காந்தி மார்க்கெட் மூடப்பட்டு, காய்கறி மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்திற்குப் போயிற்று. கூட்டத்தைக் குறைக்க அது உதவியது. ஆனால் மார்க்கெட்டை நம்பிய சுமைத் தொழிலாளியும் தள்ளுவண்டிக்காரனும் பிழைப்பிற்கு வழி தேட வேண்டியதாயிற்று. காவிரிக்கு வடகரையில், பெரிய கோவிலின் கதவுகள் ஐந்து மாதத்திற்கு மேல் பக்தர்களுக்கு அடைபட்டிருந்து, செப்டம்பர் 1-ந் தேதியே திறந்தன. கோவிலுக்கு வருகிறவர்களைக் கொண்டே ஜீவிக்கும் பூக்காரிகள், சிறு கடைக்காரர்கள், அம்மா மண்டபத்துப் படித்துறைப் புரோகிதர்கள் ஆகியோரின் வருமானமும் அக்கதவுகளோடு அடைபட்டது. நகரத்தின் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரியோ தென்கரையில் இருக்கிறது. பஸ் ஓடாத நாட்களில், சித்திரை வீதியில் தனித்திருக்கும் ஒரு கிழவருக்கு அது எத்தனை தூரம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இந்நோய் கண்டவர்களுள் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே குணமடைந்தார்கள். அதற்கு வேண்டியவை அரிய சாதனங்கள் அல்ல. காற்றோட்டமுள்ள இடம், வேளைக்கு உணவு, காய்ச்சல் பார்க்கும் கருவி, விரல் நுனியில் மாட்டி இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டர், அந்த அளவு 94-க்குக் கீழே இறங்கினால் தாமதமின்றி ஆஸ்பத்திரியில் சேர்க்க ஓர் ஆள்: இவ்வளவே. இவற்றுள் கருவிகளை ஒவ்வொரு வீடும் வாங்க வேண்டியதில்லை. சுத்தப்படுத்திக் கை மாற்றினால் ஒரு தெருவுக்கு ஒன்றிரண்டு போதும். ஆனால் நாள்தோறும் இரு வேளை வாயிற்படிக்கு வெளியே நின்று "இன்று எப்படி இருக்கிறது?" என்று கேட்கும் அயலாரை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது நியாயமாகாது. 2020 ஏப்ரலில் அரிசிக் கார்டுகளுக்கு 1,000 ரூபாயும், விலையில்லா அரிசி முதலியனவும் வழங்கப்பட்டன. 2021 மே மாதம், இரண்டாம் அலையின் போது, அறநிலையத் துறையின் கீழுள்ள கோவில்களின் அன்னதானம் பொட்டலங்களாக ஆஸ்பத்திரி வாயில்களுக்குச் சென்றது. இவை பாராட்டத்தக்கவை. ஆயினும் கார்டில் பெயரில்லாதவனின் பசியைக் கார்டு அறியாது. பக்கத்து வீட்டுக்காரன் அறிவான்.

அறிந்த அயலார் வாளா இருக்கவில்லை. வாலிபர்கள் பலர் அரிசியும் மருந்தும் சுமந்து வீடு வீடாகச் சென்றார்கள். அந்நிலையில், உதவுவோர் நேரே வழங்கலாகாது, அதிகாரிகள் மூலமே வழங்க வேண்டும் என்று தமிழ்நாட்டு சர்க்கார் ஏப்ரல் 12-ந் தேதி அறிவித்தது. எதிர்ப்பு எழுந்து விவகாரம் சென்னை ஹைகோர்ட்டுக்குச் சென்றது. கோர்ட்டு நிபந்தனைகளுடன் நேரடி உதவிக்கு இடமளித்தது. கூட்டம் கூடினால் நோய் பரவும் என்ற சர்க்காரின் அச்சம் பொய்யல்ல; காத்திருந்தால் அடுப்பு அணையும் என்ற ஜனங்களின் கவலையும் பொய்யல்ல. உதவிக்கு முன்னரே ஓர் ஒழுங்கு இருந்திருந்தால் இவ்விரண்டும் மோதியிரா. ஒழுங்கில்லாத தர்மத்தைத் தடுப்பது பரிகாரமாகாது. தர்மத்திற்கு ஒழுங்கை உண்டாக்குவதே பரிகாரம்.

இன்னொரு தடையும் இருந்தது. அது வெட்கம். நோய் கண்ட வீட்டின் வாயிலில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அது கண்டு அஞ்சியவர்கள் உதவி கேட்கவும் கூசி நோயை மறைத்தார்கள். சட்டப்படி உரிய அதிகாரி உத்தரவிட்டாலன்றி அவ்வாறு ஒட்டலாகாது என்று 2020 டிசம்பர் 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஒரு படி அரிசி கொடுத்து ஒன்பது புகைப்படம் எடுத்துக் கொண்ட பிரமுகர்களுக்கும் இத்தீர்ப்பின் கருத்துப் பொருந்தும். கை நீட்டுகிறவனின் மானத்தைக் காவாத உதவி உதவியாகாது.

1917-ஆம் ஆண்டு ஆமதாபாத்தில் பிளேக் பரவி, வசதியுள்ளோர் ஊரை விட்டு ஓடினர். அப்போது நகரசபை அங்கத்தினராயிருந்த வல்லபாய் படேல் ஊரை விட்டகலாமல், தெருத்தெருவாகச் சென்று சுகாதார வேலைகளை மேற்பார்வையிட்டார். கொரோனா வந்த போது அத்தகைய ஒருவரைத் தேடித் திருச்சி வாசிகள் எவரிடம் போவது? 2016 அக்டோபரில் பதவிக் காலம் முடிந்த மாநகராட்சி மன்றத்திற்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. நோய்க் காலம் முழுவதும் வார்டுக்கு ஒரு பிரதிநிதி இல்லை. 1994-ல் திருச்சி மாநகராட்சியானபோது ஸ்ரீரங்கம் தன் தனி நகரசபையை இழந்தது. பின்னர் மாநகராட்சியில் தன் குரலையும் ஐந்தாண்டுகளுக்கு மேல் இழந்திருந்தது. உத்தியோகஸ்தர்கள் உழைத்தார்கள், ஆனால் தெருவை அறிந்தவன் உத்தியோகஸ்தனல்லன்.

அத்தேர்தலில் 65 வார்டுகளுக்கும் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 3 லட்சத்திற்கு மேற்பட்ட ஜனத்தொகையுள்ள நகரங்களில் வார்டுக் கமிட்டிகள் வேண்டுமென்று 74-வது அரசியல் சட்டத் திருத்தம் விதித்தது. தமிழ்நாட்டில் வார்டுக் கமிட்டிகளுக்கும் பகுதி சபைகளுக்கும் 2022-ல் விதிகள் வந்தன. சாக்கடையும் விளக்குக் கம்பமும் பேசுவதோடு இச்சபைகள் நின்றுவிடலாகாது. தனித்திருக்கும் முதியோர், தினக்கூலிக் குடும்பங்கள், நாள்தோறும் மருந்துண்போர் ஆகியோரின் ஜாபிதா ஒவ்வொரு தெருவுக்கும் இருக்கட்டும். அது பகிரங்கமாகாமல் காக்கப்படட்டும். தெருவுக்கு இரு தொண்டர்கள், சாதி மத கட்சி பேதமின்றி, ஒருவர் ஆணும் ஒருவர் பெண்ணுமாக நியமனம் பெறட்டும். கருவிகளும் சிறிது தானிய நிதியும் பொதுவில் இருக்கட்டும். இதற்குப் பெரும் பொருள் வேண்டாம். ஒரு மாலைப் பொழுதும் மனமும் போதும்.

அரசியல் ஊழியத்தில் ஈடுபட்டுள்ள இளைஞர்களுக்கு நாம் கூறுவது இது: மேடையில் தேசம் என்று நாம் முழங்குவது, கதவு சாத்திய வீட்டினுள் காய்ச்சலோடு படுத்திருக்கும் அந்த ஒருவரையும் சேர்த்துத்தான். உறையூரானாலும் உத்தர வீதியானாலும் அவர் பெயரை இன்றே எழுதி வையுங்கள். நோய் வந்தபின் எழுத உட்காருவது, வெள்ளம் வந்தபின் கரை கட்டுவதாகும். காவிரிக் கரையில் வாழும் நமக்கு இதை ஒருவர் விளக்கவும் வேண்டுமோ?