மாஸ்டருக்கு என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கு



போன ஞாயிற்றுக்கிழமை பேரன் எடுத்துப் போட்ட படத்துக்குக் கீழே கனபேர் பகிடி எழுதியிருந்தீர்கள். காதில் ஹெட்போன், மடியில் ரஷ் குழுவின் பழைய இசைத்தட்டு உறை, கண் மூடியபடி நான். லண்டனில் இருந்து ஒருவர், "பிரயோக கணிதம் படிப்பித்த மாஸ்டர் இந்தக் காட்டுக்கத்தலையா கேட்கிறார்?" என்று கேட்டிருந்தார். கொழும்பில் இருந்து மச்சாள், "அத்தானுக்கு வயது போகப்போகப் பிள்ளைக்குணம்" என்று முடித்துவிட்டா. எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதக் கை நோகும். அதனால் இது.

காட்டுக்கத்தல் என்பதில் பாதி உண்மை. கெடி லீயின் குரல் 1976இல் அப்படித்தான் இருந்தது. முதல்தரம் கேட்டபோது யாரோ கதவிடுக்கில் விரலை வைத்துவிட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

கேட்க நேர்ந்ததே ஒரு மரணத்தால்தான். 2020 தைமாதம் அந்தக் குழுவின் ட்ரம்ஸ் கலைஞர் நீல் பியர்ட் இறந்த செய்தி வந்த இரவு, மருமகன் வேலையால் வந்தவர் சாப்பிடாமல் நேரே பேஸ்மென்ற்றுக்கு இறங்கிவிட்டார். ஏழு வயதில் இந்த ஊருக்கு வந்து இங்கேயே வளர்ந்தவர். கொஞ்ச நேரத்தில் வீட்டுத்தரை அதிரத் தொடங்கியது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லத்தான் நான் கீழே போனேன். அவர் கதிரையில் இருந்து அழுதுகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருந்துவிட்டேன். அன்று ஓடிய தட்டுத்தான் 'ஓல் த வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்'. தலைப்பு ஷேக்ஸ்பியரின் 'அஸ் யூ லைக் இற்' நாடகத்தில் இருந்து எடுத்தது. அதை மட்டும்தான் எனக்கு அன்று விளங்கியது.

அது 1976 ஆனி 11, 12, 13ஆம் திகதிகளில் ரொறன்ரோ மாசி ஹோலில் நடந்த கச்சேரிகளின் பதிவு. இரட்டைத் தட்டு. மாசி ஹோல் 1894இல் திறந்த மண்டபம், சுமார் 2,700 பேர் இருக்கலாம். கட்டிக்கொடுத்தவர் ஹார்ட் மாசி, விவசாய இயந்திரம் செய்த முதலாளி. வன்னி வயல்களில் ஓடியதே அந்தச் சிவப்பு மெசி பேர்கசன் உழவு இயந்திரம், அதில் இருப்பது அந்தக் குடும்பத்தின் பெயர்தான். இதை அறிந்த நாளில் இருந்து மண்டபம் எனக்கு அந்நியமாகப் படவில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும்: நீல் பியர்ட் இந்தக் குழுவில் சேரமுன் தகப்பனாரின் கடையில் உழவு இயந்திர உதிரிப்பாகம் விற்றுக்கொண்டிருந்தவர்.

இந்தப் பதிவின் அருமை விளங்க, அதற்கு முந்திய ஒரு வருடத்தைச் சொல்லவேண்டும். 1975இல் வந்த அவர்களுடைய மூன்றாவது அல்பம் விற்கவில்லை. அதோடு போன சுற்றுப்பயணத்துக்கு அவர்களே, எல்லாம் குழாய்க்குள் போகிறது என்ற பொருளில், நக்கலாக ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். வானொலியில் போடக்கூடிய சின்னப் பாட்டுகளாகச் செய்யச் சொல்லி இசைத்தட்டுக் கொம்பனி நெருக்கியது. இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபது நிமிடம், '2112' என்று. இனித் தோற்பதென்றால் எங்கள் விருப்பப்படி தோற்போம் என்ற கணக்கு. அந்தத் தட்டு வெளியாகிச் சில மாதங்களுக்குள், சொந்த ஊர் மேடையில், மூன்று இரவுகள். தொடக்கத்தில் அறிவிப்பாளர் அவர்களை வீட்டுக்கு வரவேற்கச் சொல்லிச் சனத்தைக் கேட்பார். அந்த ஆரவாரத்தை ஒருக்கா கேளுங்கள். சோதனையில் இரண்டாந்தரம் தோற்பான் என்று ஊர் சொன்ன பிள்ளையின் பெறுபேறு வந்த நாளில் வீட்டு முற்றத்தில் கேட்கும் சத்தம் அது.

இனி என் முக்கியமான வாதம். மூன்றே மூன்று பேர் சேர்ந்த றொக் குழுவை மேடையில்தான் கேட்கவேண்டும், ஸ்டூடியோவில் அல்ல. ஸ்டூடியோவில் ஒருவர் நாலு தரம் கிற்றார் வாசித்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம். மேடையில் அந்த வசதி இல்லை. அலெக்ஸ் லைஃப்சன் தனியாக வாசிக்கப் புறப்பட்டவுடன் பின்னால் சுருதி பிடிக்க இரண்டாவது கிற்றார் இல்லை. நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தைக் கெடி லீயின் பேஸ் கிற்றார் ஓடிவந்து நிரப்பவேண்டும், அதே நேரம் ட்ரம்ஸ் வழமையைவிட இரண்டு அடி கூடப் பேசவேண்டும். 'வேர்க்கிங் மான்' பாட்டின் நீண்ட கிற்றார்ப் பகுதியில் மேலே இருப்பதை விட்டுவிட்டு, அடியில் பேஸ் என்ன செய்கிறது என்று மட்டும் கேளுங்கள். துணை வாத்தியம் என்று நாங்கள் நினைப்பது தானே ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு போகும். பின்னாளில் இவர்கள் காலால் மிதித்து வாசிக்கும் சிந்தசைசர் எல்லாம் கொண்டுவந்து பள்ளத்தை மூடினார்கள். 1976இல் அது இல்லை. மூன்று பேர், ஆறு கை, ஒளிய இடமில்லை.

அந்த 'வேர்க்கிங் மான்' பாட்டைப்பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் இவர்களுக்கு முதலில் கதவு திறந்தது கிளீவ்லாந்து என்ற தொழிற்சாலை நகரத்து வானொலியில், இந்தப் பாட்டால்தான். வேலைக்குப் போய், களைத்து வந்து, வாழ நேரம் கிடைக்காத ஒரு மனிதனைப் பற்றியது. ஸ்காபரோவில் பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை என்று பத்து வருடம் ஓடிய சம்பந்தி அந்தச் சொற்களின் அர்த்தத்தை மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "இது எங்கட பாட்டல்லோ" என்றார்.

மூன்றாம் பக்கத்தில் 'பை-ரோர் அன்ட் த ஸ்னோ டோக்' என்று ஒன்று. கதை சின்னப்பிள்ளைத்தனம், ஒரு அரக்கனும் ஒரு வெண்பனி நாயும் சண்டை பிடிப்பது. அரக்கனுக்குப் பேஸ் கிற்றார் உறுமும், நாய்க்குக் கிற்றார் குரைக்கும். நாட்டுக்கூத்தில் இரண்டு அரசர்கள் மோதும்போது நாங்கள் விடியவிடிய இருந்து பார்க்கவில்லையா? அங்கே கதையின் ஆழத்தையா பார்த்தோம்?

குறையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நான் திருத்தின விடைத்தாள்களுக்குத் துரோகம். ஒலிப்பதிவு கலங்கல். சில இடங்களில் ட்ரம்ஸ் வாளிக்குள் கேட்பதுபோல இருக்கும். பெரிய குறை '2112'இல். எதிர்காலத்தில் பூசாரிகள் எல்லாவற்றையும் ஆளும் ஒரு உலகம். அங்கே ஒருவன் பழைய கிற்றார் ஒன்றைக் கண்டெடுத்து, தானே சுருதி கூட்டப் பழகி, சந்தோசத்தோடு பூசாரிகளிடம் கொண்டுபோகிறான், அவர்கள் அதை உடைக்கிறார்கள். ஸ்டூடியோப் பதிவில் அவன் கண்டெடுத்துத் தடவித்தடவிப் பழகும் பகுதிதான் எனக்கு உயிர். மேடையில் அதை வெட்டிவிட்டார்கள். கண்டுபிடிக்காமலே கொண்டுபோய்க் காட்டுகிறான்! தரவு இல்லாமல் விடை எழுதிய பிள்ளையைப் போல. எவ்வளவு வேகமாக வாசித்தாலும் இதற்கு நான் மூன்று புள்ளி குறைப்பேன்.

ஆனாலும் 1981இல் வந்த அவர்களின் அடுத்த மேடைப் பதிவான 'எக்சிற் ஸ்டேஜ் லெஃப்ற்'ஐவிட இதுதான் எனக்கு மேல். மருமகன் ஒத்துக்கொள்ளமாட்டார். அது சுத்தம், நேர்த்தி, ஒரு அழுக்கும் இல்லை, அதனாலேயே ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் போய்விட்டது. இதில் வியர்வை இருக்கிறது. அழகான எழுத்தில் எழுதிய கொப்பியைவிட, வெட்டித் திருத்திய கொப்பியில்தான் பிள்ளை எப்படி யோசித்தான் என்று தெரியும். முப்பத்திநாலு வருடம் கொப்பி பார்த்தவன் சொல்கிறேன்.

இனி எழுதக் கொஞ்சம் கஷ்டமான பகுதி. நாலாம் பக்கத்தில் நீல் பியர்ட்டின் தனி வாசிப்பு வரும். அது வரும் இரண்டு பாட்டுகளும் குழுவின் முதல் அல்பத்தில் உள்ளவை. அந்த அல்பத்தில் வாசித்தவர் வேறு ஆள். பியர்ட் 1974இல், அமெரிக்கப் பயணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது வந்து சேர்ந்தவர். இன்னொருவர் கட்டிய வீட்டுக்குள் வந்து, நடுவில் தன் அறையைக் கட்டிக்கொண்டார். ரசிகர்கள் அவரைப் பேராசிரியர் என்றுதான் அழைத்தார்கள். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாக்களில் தவில் மேதை தட்சணாமூர்த்தியைக் கேட்டு வளர்ந்த காது எனது, இலகுவில் மயங்காது. கணக்கு நுட்பத்தில் இரண்டையும் ஒப்பிடவும் மாட்டேன். ஆனால் ஒரு இடத்தில் கைகள் ஓட, சனம் மூச்சடக்கி நிற்க, அடுத்த அடி எங்கே விழும் என்று தெரியாத அந்தக் கணம் இருக்கிறதே, அது சன்னிதி வாசலிலும் ஒன்றுதான், மாசி ஹோலிலும் ஒன்றுதான்.

அந்தக் கணத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு பெடியனின் ஞாபகம் வரும். பெயர் எழுதமாட்டேன். உயர்தர வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவன். கொம்பாஸ் பெட்டி மூடியிலும் மேசையிலும் விரலால் ஓயாமல் தாளம் போடுவான். இரண்டுதரம் எச்சரித்தேன். மூன்றாம் தரம் அடிமட்டத்தால் விரல் மொழியில் அடித்து, "மேளம் அடிக்கத்தான் நீ லாயக்கு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் தாளம் போட்டதே இல்லை. அது எனக்கு அன்று வெற்றியாகப் பட்டது. அடித்தது பிழை என்பது எப்போதோ விளங்கிவிட்டது. சொன்னது அதைவிடப் பிழை என்பது விளங்கத்தான் இந்தத் தட்டு தேவைப்பட்டது. திருவிழாவில் விடியுமட்டும் தவில் கேட்கிற நான், வகுப்பறையில் அந்தச் சொல்லையே ஏச்சாக எடுத்தேன்.

கெடி லீயும் பள்ளிக்கூடத்தை முடிக்காதவர். தாய் தகப்பன் போலந்து யூதர்கள், அவுஷ்விற்ஸ் வதைமுகாமில் இருந்து தப்பி இங்கே வந்தவர்கள். பன்னிரண்டு வயதில் தகப்பனை இழந்தார், தாய் ஒரு கடையை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தா. கெடி என்ற பெயரே, தாய் தன்னுடைய பேச்சுவாக்கில் கெரி என்பதை அப்படி உச்சரித்ததால் வந்தது. லைஃப்சனின் பெற்றோர் யுகோஸ்லாவியாவில் இருந்து வந்த சேர்பியர்கள். அகதியாக வந்த வீட்டில், மகன் படிப்பை விட்டுக் கிற்றாரைத் தூக்கினால் என்ன நடந்திருக்கும் என்று உங்களில் கனபேருக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்தத் தாய் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். படிப்பை விடச் சொல்லி இப்போதும் சொல்லமாட்டேன், பெற்றோர் பயப்படவேண்டாம். மற்றதைச் சொல்லமுன் இரண்டுதரம் யோசிப்பேன், அவ்வளவுதான்.

அந்தப் பெடியன் இதை வாசித்தால், அல்லது அவன் எங்கே என்று தெரிந்த யாராவது வாசித்தால், தனிச்செய்தியில் எழுதுங்கள். என்னிடம் தொலைபேசி இருக்கிறது, பேச நேரமும் இருக்கிறது.

கேட்க விரும்புகிறவர்களுக்கு: முதன்முதலில் வந்த சீடி வேண்டாம், இடம் போதாமல் கடைசிப் பாட்டை விட்டுவிட்டார்கள், பிறகு வந்ததில் முழுக்க இருக்கிறது. குரல் பிடிக்காதவர்கள் நாலாம் பக்கத்தில் தொடங்கலாம். முடிவில் சனத்தின் சத்தம் தேய்ந்தபிறகு உடனே நிறுத்திவிடாதீர்கள், மூவரும் மேடைக்குப் பின்னால் கதைத்துக்கொண்டு போவதும் ஒரு கதவு அடித்துச் சாத்துவதும் கேட்கும். சத்தத்தைக் குறைத்துக் கேட்கவேண்டாம். வீட்டில் யாராவது ஏசினால், மாஸ்டர் வீட்டுவேலை தந்தவர் என்று சொல்லுங்கள்.