ஒலித்துப் பார்த்த பின் விலை பேசுவோம்

மும்பை சோர் பஜாரின் பழம்பொருள் கடைகளில் பித்தளைக் குழல் விரித்து நிற்கும் கிராமபோன்களைக் கண்டு மயங்காதவர் அரியர். நாங்களும் மயங்கினோம். பழுது ஏதுமில்லை என்ற கடைக்காரரின் சொல்லை நம்பி, ஒரு தட்டையேனும் இசைத்துக் கேளாமல் விலை கொடுத்தோம். வீட்டிற்கு வந்து சாவி கொடுத்தபோதுதான் உண்மை விளங்கிற்று. பெட்டி புதிது, குழலும் புதிது, உள்ளிருந்த எந்திரம் மட்டும் ஏதோ ஒரு கைப்பெட்டி கிராமபோனிலிருந்து கழற்றியது. முகப்பில் ஒட்டியிருந்த நாய்ப் படம்கூட அண்மையில் அச்சிட்டதே.

இவ்வாறு உதிரிகளை இணைத்துப் பழமை என்று விற்பது நம் நாட்டில் புதிதன்று. கூடத்தில் அழகுக்கு வைப்போர், அலங்காரப் பொருளுக்குரிய விலையைக் கொடுத்தால் அதில் இழப்பில்லை. பாட்டுக் கேட்க விழைவோர் இழப்பது பணத்தை மட்டுமன்று. பழைய 78 சுழற்சித் தட்டுகள் அரக்கும் கற்பொடியும் கலந்து செய்தவை. தரமற்ற ஒலிப்பெட்டியும் தேய்ந்த ஊசியும் அவற்றின் வரிகளை அரித்துவிடும். 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பதிவுக் குழலின் முன் பாடி, முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். அன்று ஒலிவாங்கி இல்லை. குரலின் விசையே மெழுகுத் தட்டில் வரி கீறிற்று. அத்தகைய தட்டு ஒன்று கெட்டால் மீண்டும் பாட அவர் இல்லை.

ஆகவே, ஒலித்துக் காட்ட மறுக்கும் கடையில் வாங்குதல் வேண்டா என்பதே எங்கள் கருத்து. நன்கு பழகிய பாட்டுள்ள தட்டு ஒன்றையும் புதிய எஃகு ஊசிகளையும் உடன் கொண்டு செல்லுங்கள். (ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி, சிக்கனத்துக்கு இது இடமன்று.) சாவியை முழுவதும் முறுக்கி, ஏறக்குறைய 3 நிமிடம் ஓடும் பக்கத்தை இறுதிவரை கேளுங்கள். முடியுமுன்பே பாடகரின் சுருதி இறங்கினால், பெரும்பாலும் சுருள்வில் தளர்ந்திருக்கும், அல்லது எந்திரத்தில் எண்ணெய் வறண்டிருக்கும். உச்சத்தில் மட்டும் தகரம் அதிர்வதுபோல் கேட்டால், ஒலிப்பெட்டியின் ரப்பர் வளையம் இறுகியிருக்கக்கூடும். அதை மாற்றிவிடலாம், அதற்காக நல்ல கருவியைக் கைவிட வேண்டியதில்லை.

பழைய ஒலிபெருக்கிகளுக்கும் இதே முறைதான். 1970களில் பிபிசி தன் ஒலிபரப்பு ஊர்திகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்னும் சிறு ஒலிபெருக்கியை இன்றும் ஆர்வலர்கள் தேடி வாங்குகின்றனர். அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் மனிதப் பேச்சையே உரைகல்லாகக் கொண்டனர். கடையில் அதிர அதிர ஒலிக்கும் திரைப்பாடலைவிட, தாழ்ந்த ஒலியில் கேட்கும் ஒரு பேச்சுக் குரல் குறைகளை விரைவில் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியே கேளுங்கள். கூம்பைச் சுற்றியுள்ள நுரை விளிம்பு பொடிந்திருந்தால், அச்செலவைக் கழித்து விலை கேட்பது நம் உரிமை.

எங்கள் பித்தளைக் குழல் இப்போது கூடத்தில் அழகாகவே நிற்கிறது. தட்டுகளை அதனருகில் கொண்டு செல்வதில்லை.