இலவசம் என்றால் இளக்காரமா? - டிபிஎம்எஸ் லேப் புராணம்

அம்பத்தூர், ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி என்று காலை ஏழரை மணிக்கு ஒரு சுற்று வந்தால், சாலையை அடைத்துக்கொண்டு நிற்பவை கல்லூரி பஸ்கள்தான். அதில் தூங்கி வழிகிற கம்ப்யூட்டர் சயின்ஸ் கூட்டத்தில் யாரையாவது எழுப்பி, "டேட்டாபேஸ்னா என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேரிடமிருந்து கண்ணைத் திறக்காமலே "ஆரக்கிள்" என்று பதில் வரும். இன்னும் கொஞ்சம் சீனியர் என்றால் "ஸ்காட், டைகர்" என்று யூசர்நேம், பாஸ்வேர்டையே ஒப்பிப்பார். (ஸ்காட் என்பவர் ஆரக்கிளின் ஆரம்பகால ஊழியர், டைகர் அவர் வீட்டுப் பூனை. எங்கோ அமெரிக்காவில் திரிந்த பூனையின் பெயரை நம்மூர் ரெக்கார்டு நோட்டில் எத்தனை பேர் எழுதியிருப்பார்கள்! :-))

ஏன் இப்படி என்று கேட்டால், உடனே சிலபஸைக் கைகாட்டுவார்கள். சுத்தப் பொய். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 ரெகுலேஷனில் டிபிஎம்எஸ் லேபுக்கு ஆரக்கிள், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ், டிபி2 எல்லாவற்றையும் ஒரே வரியில் போட்டு, "அல்லது இணையான ஒன்று" என்றும் சேர்த்திருந்தார்கள். கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே போகத்தான் ஆளில்லை.

அடுத்த வாதம், "ஆரக்கிளும் இலவசமாக் கிடைக்குதே" என்பது. கிடைக்கிறது, யார் இல்லை என்றார்கள்? 10ஜி எக்ஸ்பிரஸ் எடிஷன் வந்தபோது 4 ஜிபி டேட்டா, ஒரு ப்ராசஸர் என்று வேலி போட்டுத்தான் கொடுத்தார்கள். போகட்டும், லேபில் யாரும் 4 ஜிபியை நிரப்பப் போவதில்லை. பிரச்சினை விலையில் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது, அடுத்த பதிப்பில் என்ன வரவேண்டும் என்று வாதாட முடியாது. நாளைக்கு வேலி நகர்ந்தால் நாமும் நகர வேண்டியதுதான்.

மைஎஸ்கியூஎல் கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. 1995-ல் மாண்டி வைடினியஸும் கூட்டாளிகளும் ஸ்வீடனில் ஆரம்பித்தது. 2008 ஜனவரியில் சன் நிறுவனம் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. மறுவருஷமே சன்னை ஆரக்கிள் வளைத்தது. போட்டிக் கடையையே வாங்கிவிட்டார்கள்! மாண்டி கையெழுத்து இயக்கமெல்லாம் நடத்திப் பார்த்தார், ஐரோப்பிய ஆணையம் 2010 ஜனவரியில் அனுமதி கொடுத்துவிட்டது. வேறு மென்பொருளாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கோடு ஜிபிஎல் உரிமத்தில் இருந்ததால் 2009-லேயே மரியாடிபி என்ற கிளை பிரிந்துவிட்டது. 2017-ல் டெபியன் 9 அதையே தன் இயல்பிருப்பாக எடுத்துக்கொண்டது. அதன் கம்பெனியையும் 2024-ல் ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கியது தனிக்கூத்து.

ரெடிஸ் விஷயம் இன்னும் சுவாரசியம். 2024 மார்ச்சில் உரிமத்தை இறுக்கினார்கள். சில நாட்களிலேயே பழைய கோடிலிருந்து வால்கி என்ற கிளை லினக்ஸ் ஃபவுண்டேஷன் நிழலில் முளைத்தது. 2025 மே மாதம் ரெடிஸ் மறுபடியும் திறந்த உரிமத்தையும் ஒரு வழியாகச் சேர்த்துக்கொண்டது. போஸ்ட்கிரஸ் ஆட்கள் இந்த வம்பையெல்லாம் முன்கூட்டியே யோசித்தவர்கள். கோர் டீமில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனிக்காரர்கள் இருக்கக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. இந்தச் செய்திகளில் ஒன்றாவது வைவாவில் கேள்வியாக வந்ததுண்டா? நார்மல் ஃபார்ம் மட்டும் ஐந்து வரைக்கும் கேட்பார்கள்.

"அமெரிக்காக்காரன் சண்டை நமக்கெதுக்கு?" என்பவர்களுக்கு ஒரு தமிழ்ச் சமாச்சாரம். மைஎஸ்கியூஎல்லின் பழைய பதிப்புகளில் ப்ராஜெக்ட் செய்தவர்களுக்கு இது நினைவிருக்கும். "கண்ணன்" என்று பெயர் கொடுத்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்து நிற்கும். காரணம், அதன் இயல்பான எழுத்துரு ஏற்பாடு லத்தீன்1, வரிசைப்படுத்தும் விதியோ ஸ்வீடிஷ்! யாரும் தமிழுக்குச் சதி செய்யவில்லை. செய்தவர்கள் அவர்கள் ஊருக்கு ஏற்றபடி செய்தார்கள், அவ்வளவுதான். எல்லா மொழிக்கும் இடம் தரும் யுடிஎஃப்8எம்பி4 இயல்பானது 2018-ல், 8.0 பதிப்பில்தான்.

எழுத்து தெரிந்துவிட்டால் போதுமா? யூனிகோடில் "ன" என்பது "ந"வுக்கும் "ப"வுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அந்த எண் வரிசையிலேயே அடுக்கினால் கனிமொழி முதலில், கமலா பிறகு. தமிழ் அகராதியிலோ கமலாதான் முதலில், ஏனென்றால் "ன" நம் மெய்யெழுத்துகளில் கடைசி. இதைச் சரிசெய்ய ஐசியூ என்ற திறந்த நூலகத்தில் தமிழுக்கான விதி இருக்கிறது. 2017-ல் வந்த போஸ்ட்கிரஸ் 10 அதைப் பயன்படுத்தும் வசதியைக் கொடுத்தது. ஒன்றாம் வகுப்பு அட்டெண்டன்ஸ் முதல் நூலகப் பட்டியல் வரை தமிழில் ஒழுங்காக அடுக்க வேண்டுமென்றால், அதைக் கேட்கவேண்டியது தமிழ் தெரிந்தவன்தானே? ஸ்வீடன்காரனா வந்து கேட்பான்?

"கம்பெனியில் ஆரக்கிள்தான் கேட்கிறார்கள்" என்பது கடைசி அஸ்திரம். மத்திய அரசு 2015-லேயே தன் துறைகளில் திறந்த மூல மென்பொருளை முன்னுரிமையோடு பரிசீலிக்கச் சொல்லிக் கொள்கை வெளியிட்டது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2023-ல் எடுத்த கணக்கெடுப்பில் அதிகம் பேர் பயன்படுத்துவதாகச் சொன்னது போஸ்ட்கிரஸை. பிளேஸ்மெண்ட் செல்லுக்கு இந்தச் செய்தி வந்துசேர இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ.

ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. ஐஎல்யுஜிசி என்கிற சென்னை லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகள் ஐஐடியில் மாதந்தோறும் கூடியது. ஆவடியில் மின்சார ரயில் பிடித்தால் எட்டிவிடுகிற தூரம். து. நித்யா எழுதிய "எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்" கணியம் வழியாக இலவச மின்னூலாகவே கிடைக்கிறது. இங்கிலீஷ் மேனுவல் பயமுறுத்துகிறது என்ற சாக்கும் செல்லாது.

லேப் மெஷினில் போஸ்ட்கிரஸை நிறுவ அரை மணி நேரம் போதும். வகுப்பில் உள்ள அறுபது பேரின் பெயரையும் தமிழில் ஏற்றி, ஐசியூ விதியோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை அடுக்கிப் பாருங்கள். எங்காவது வரிசை தப்பினால் அது ரெக்கார்டில் எழுதி மறக்கிற எக்ஸர்சைஸ் அல்ல. போஸ்ட்கிரஸின் பிழை அறிவிக்கும் மடற்குழுவுக்கு எழுதவேண்டிய விஷயம். அங்கே எழுதுவதற்கு ஒரு மெயில் ஐடி போதும், ஹெச்ஓடி கையெழுத்தெல்லாம் கேட்பதில்லை.