சீனி போட்டால் உடம்பு வைக்குமா?

"புள்ள எலும்பும் தோலுமா கெடக்கு. சாயத்தண்ணியில இன்னொரு கரண்டி சீனி போட்டுக் குடும்மா, அப்பத்தான் உடம்பு வைக்கும்." ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்ட லயங்களில் பிள்ளை வளர்க்கும் பெண் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டாள். சொல்கிறவர் பெரியம்மாவாகவோ அப்பாயியாகவோ இருப்பார், அக்கறையோடுதான் சொல்வார். நானும் அந்தச் சாயத்தண்ணி, அதாவது பால் சேர்க்காத தேத்தண்ணி, குடித்து வளர்ந்தவள். ஆனாலும் இதை மறுத்தே ஆகவேண்டும். சீனி சேர்க்காமல் கரட்டிலும் வத்தாளங்கிழங்கிலும் இனிப்புச் செய்து பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று சொன்னால் வருகிற மறுமொழிகளையும் கூடவே எடுத்துக்கொள்கிறேன்.

உடம்பு வைக்கும் பேச்சில் தொடங்குவோம். 2016இல் இலங்கை முழுவதும் எடுத்த குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் மட்டும் பார்த்தால் 32 பேர். இந்தப் பிள்ளைகள் சீனி கிடைக்காமலா வளர்ச்சி குன்றினார்கள்? எங்கள் வீடுகளில் அரிசி தீர்ந்த நாள் உண்டு, சீனி தீர்ந்த நாள் குறைவு. புரதமும் இரும்பும் துத்தநாகமும் போதாமல், அடிக்கடி காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து, தாய் கர்ப்பத்திலேயே இளைத்துப் போனதால் வந்த குறை அது.

ஒரு தேக்கரண்டி சீனியில் ஏறக்குறைய 16 கலோரி இருக்கிறது. அதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. வறுத்துப் பொடித்த கச்சான் ஒரு மேசைக்கரண்டி எடுத்தால் 45 கலோரியோடு 2 கிராம் புரதமும் சேர்ந்து வரும். கிராமுக்குக் கிராம் பார்த்தாலும் சீனி தருவது 4 கலோரி, தேங்காய்ப்பாலில் இருக்கும் கொழுப்பு தருவது 9. மெலிந்த பிள்ளைக்குச் சதை பிடிக்க வேண்டுமென்றால் கை போக வேண்டியது தேங்காய்க்கும் கச்சானுக்கும் முட்டைக்கும்.

சாயத்தண்ணி இன்னும் இரண்டு வகையில் கெடுக்கிறது. அதிலுள்ள டனின், சாப்பாட்டில் இருக்கும் இரும்பை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. அதன் இனிப்பு பசியை அடக்கிவிடுவதால் பிள்ளை சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுகிறது. கடையில் விற்கும் குளிர்பானப் போத்தல்களில் 2016இலிருந்து நிறக் குறி போடுகிறார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. சின்னக் கோப்பையில் 100 மில்லிலீற்றர் சாயம் ஊற்றி மூன்று கரண்டி சீனி போட்டால் 12 கிராம் ஆகிறது. போத்தலில் அடைத்து விற்றால் அதற்கும் சிவப்புதான் கிடைக்கும். அதைத்தான் மூன்று வயதுப் பிள்ளைக்குக் காலையிலும் மாலையிலும் கொடுக்கிறோம்.

"சீனி இல்லாம எப்படி இனிக்கும்?" என்பது அடுத்த கேள்வி. அடுப்புச் சாம்பலில் புதைத்துச் சுட்ட வத்தாளங்கிழங்கைத் தின்றவர்கள் இதைக் கேட்கக் கூடாது. தோல் கருகி, வெடித்த இடத்தில் பாகு கசிந்து நிற்குமே, அதில் யார் சீனி போட்டார்கள்? கிழங்கிலுள்ள மாச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி ஒன்று கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. கிழங்கு மெல்ல மெல்லச் சூடேறும்போது, ஏறக்குறைய 60 முதல் 75 பாகை வரை, அது மும்முரமாக வேலை செய்யும். சூடு அதைத் தாண்டினால் செத்துவிடும். துண்டு துண்டாக வெட்டிக் கொதிநீரில் போட்ட கிழங்கு சப்பென்று இருப்பதும், தணலில் முழுசாகக் கிடந்த கிழங்கு தேனாக இனிப்பதும் இதனால்தான். நம் பாட்டிமார் இந்த நொதியின் பேரை அறியாமலே அதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தார்கள்.

கரட்டின் கதை வேறு. அதில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர், ஏறக்குறைய 5 பங்கு இயல்பான இனிப்பு. துருவிப் போட்டுத் தண்ணீர் சுண்டச் சுண்ட வதக்கினால் நிறை பாதியாகும், இனிப்பு இரண்டு பங்காகத் தெரியும். வடஇந்தியாவின் கரட் அல்வாவும் இந்த வழியில்தான் தொடங்குகிறது, பிறகு பாலையும் சீனியையும் கொட்டுகிறார்கள். நமக்குக் கட்டித் தேங்காய்ப்பால் போதும். கரட்டின் செம்மஞ்சள் நிறச் சத்து உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும், அதைத் தேங்காய்ப்பால் தந்துவிடுகிறது. கறுவாவும் ஏலக்காயும் வாசத்தாலேயே நாக்கை இனிப்புக்குத் தயார்ப்படுத்தும். ஒரு சிட்டிகை உப்பையும் மறக்காதீர்கள்.

படித்தவர்கள் சொல்லும் மறுமொழி ஒன்றும் இருக்கிறது. "சீனி வேண்டாம், கித்துள் கருப்பட்டி போடலாம், தேன் விடலாம்." கித்துள் கருப்பட்டியின் ருசிக்கு நானும் அடிமைதான், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அது இருக்கட்டும். ஆனால் அதுவும் பெரும்பாலும் சர்க்கரைதான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் கொடுத்த வழிகாட்டலில், குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில் தேனும் பாகும் பழச்சாறும்கூடச் சேர்ந்துதான் வருகின்றன. முழுப் பழத்திலும் காய்கறியிலும் பாலிலும் இயல்பாக இருக்கும் இனிப்பு அந்தக் கணக்கில் வராது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆபத்து, நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது. கூடுதல் இனிப்பு வேண்டுமென்றால் நன்றாகக் கனிந்த கோழிக்கூட்டு வாழைப்பழம் ஒன்றைப் பிசைந்து போடுங்கள்.

"இதெல்லாம் நேரமும் காசும் உள்ளவங்க வேலை." இந்த மறுமொழிக்கு முன்னால் நான் கொஞ்சம் நின்று யோசிக்கிறேன், ஏனென்றால் இதில் பாதி உண்மை. விடியலில் மலையேறி, நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, நிறுவையில் நின்று திரும்பும் பெண்ணிடம் ஒரு மணி நேரம் அடுப்படியில் நின்று கரட்டைக் கிளறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. காசைப் பற்றிய பாதியைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கரட் வெலிமடையிலும் பண்டாரவளையிலும் விளைகிறது, வத்தாளங்கிழங்கை வீட்டுக்குப் பின்னால் கொடி நட்டே எடுக்கலாம். நேரத்துக்கு வழி கிழங்குதான். இரவுச் சோறு வெந்தபின் தணலில் போட்டுவிட்டால் யாரும் காவல் நிற்க வேண்டியதில்லை. காஸ் அடுப்பென்றால் தோலோடு முழுசாகப் பச்சைத் தண்ணீரில் வைத்துச் சிறு தீயில் ஏற்றலாம். கரட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் பிள்ளைகள் இருக்கும் பிள்ளைக்காம்பராவில் வாரம் இரண்டு நாள் பின்னேரத்தில் தேத்தண்ணி, பிஸ்கட்டுக்குப் பதிலாக இந்த இனிப்பைக் கொடுத்தால், அலுத்து வரும் அம்மாவின் தலையில் இந்த வேலையும் விழாது. தோட்ட நிர்வாகங்களிடம் நாம் கேட்டுப் பெற வேண்டியது இது.

"புள்ள திங்காது" என்பார்கள். முதல் நாள் துப்பலாம். புதுச் சாப்பாடு ஒன்று பிடித்துப்போக எட்டு, பத்துத் தடவையாவது வாயில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். சீனிக்குப் பழகிய நாக்கு என்றால் இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும். அந்தப் பிள்ளைக்குச் சாயத்தண்ணிச் சீனியை ஒரேயடியாக நிறுத்தாமல் வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வாருங்கள். இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளையிடம் சீனியைக் காட்டாமலே விட்டுவிடலாம்.

செய்முறை இதுதான். சுட்ட கிழங்கு இரண்டைச் சூடாறுமுன் பிசையுங்கள். கரட் வதக்கியிருந்தால் ஒரு கைப்பிடி சேர்க்கலாம். கட்டித் தேங்காய்ப்பால் நாலு மேசைக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி, உப்பு போட்டுச் சிறு தீயில் ஐந்து நிமிடம் கிளறி இறக்கி, இரண்டு மேசைக்கரண்டி கச்சான் பொடி தூவுங்கள். சின்னப் பிள்ளைக்கு முழுக் கச்சான் ஆகாது, தொண்டையில் அடைக்கும், நைசாகப் பொடித்தே போடுங்கள். இளஞ்சூட்டில் உருட்டிக் கையில் கொடுங்கள். உருண்டை என்றால் பிள்ளை தானே பிடித்துக் கடிக்கும்.